தீங்கற்றவர் என்னும் பட்டம்



நம் பிள்ளைகள் செல்போனில் ஆடும் விளையாட்டுகளுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. பெயர் 'எலீட்'. 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர்கள் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு மாணவர்கள். கேம்பிரிட்ஜில் அவர்கள் படித்த கல்லூரியின் பெயரே இயேசு கல்லூரிதான்! 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் வீட்டுக் கணினிக்காக அதை எழுதினார்கள். நடுவண் அரசு 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கு அந்த ஆண்டுகளில் கொடுத்ததும் அதே கணினியைத்தான்.

அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று நாம் அனுப்பும் ஒரு 'காலை வணக்கம்' படத்துக்கே அது போதாது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களைக் கொண்டு கணக்குப் போட்டே அத்தனையையும் உருவாக்கினார்கள். படைத்தவர் மனிதருக்குத் தந்த அறிவை எண்ணி வியக்கத்தான் வேண்டும்.

ஆடுகிறவர் கையில் ஒரு சிறு விண்கலம். உணவும் துணியும் ஏற்றிச் சென்று விற்கலாம். போதைப்பொருளும் விற்கலாம், விலைப்பட்டியலில் அடிமைகளும் உண்டு. எதிர்ப்படும் கலங்களைச் சுடலாம். ஆட்டம் தொடங்கும்போது அவருக்குக் கிடைக்கும் பட்டம் 'ஹார்ம்லெஸ்', அதாவது தீங்கற்றவர். இருப்பதிலேயே கடைசிப் பட்டம் அதுதான். நேர்மையாக வணிகம் செய்தால் பணம் சேரும், பட்டம் உயராது. சுட்டு வீழ்த்தினால்தான் உயரும். ஆபத்தானவர், அதற்கும் மேலே கொடியவர். 6,400 கலங்களை வீழ்த்தினால் எலீட். கொள்ளையனைச் சுட்டாலும், வழியோடு போன வணிகனைச் சுட்டாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான்.

விளையாட்டைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அந்த இரண்டு இளைஞர்கள் நம்மைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது. யாருக்கும் கெடுதல் செய்யாதவனை நாம் என்ன சொல்கிறோம்? 'அப்பாவி', 'பிழைக்கத் தெரியாதவன்'. பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட அது குறையாகவே பேசப்படுகிறது. நாலு பேர் பயப்படுகிற பையனுக்குத் தெருவில் மதிப்பு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், அவனோடு பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி ஒரு பேருந்துப் பயணம்தான். கயிறு கட்டிய கைகளில், ஞாயிறு திருப்பலியில் நற்கருணை பெற நீளும் கைகளும் உண்டு. அதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிற பெற்றோரும் நம்மிடையே உண்டு.

பன்னிருவரை அனுப்பியபோது ஆண்டவர் அவர்களிடம் கேட்டது பாம்பின் விவேகத்தையும் புறாவின் கபடற்ற தன்மையையும். விவேகத்தை நாம் உடனே எடுத்துக்கொண்டோம். புறாவை விட்டுவிட்டோம்.

லூக்கா நற்செய்தியில் பிலாத்து மும்முறை சொல்கிறான், இந்த மனிதரிடம் குற்றம் காணவில்லை என்று. ஆளுநரே தீங்கற்றவர் என்று சான்று கொடுத்தும் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். அன்று அங்கே நின்ற நூற்றுவர் தலைவர், வாளால் பதவி பெற்ற படைவீரர். அவர் இறந்ததைக் கண்டு, கடவுளைப் போற்றி, இவர் நேர்மையாளர் என்று சொன்னது அந்த வாய்தான்.