சகுந்தலை பாட்டும் சாட்சியில்லாத கல்யாணமும்

(மாயவரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் சுயமரியாதைத் திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மணமக்கள் மேடைக்கு வருமுன் இங்கே ஒலிபெருக்கியில் ஒரு பழைய பாட்டுப் போட்டார்கள். 1940-ல் வந்த "சகுந்தலை" படத்தில் ஜி.என். பாலசுப்ரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் சேர்ந்து பாடிய, "பிரேமையில்" என்று ஆரம்பிக்கும் காதல் பாட்டு அது. ஜி.என்.பி. இந்த மாயவரம் பக்கத்துக் கூடலூரில் பிறந்தவர். பாட்டெழுதிய பாபநாசம் சிவனும் நம் தஞ்சை ஜில்லாக்காரர்தான். பாட்டு நல்ல பாட்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்ட விதம்தான் வேடிக்கை. எங்கள் பாட்டி நெல் புடைக்கும்போது அதை முணுமுணுப்பாராம். தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாராம். அந்தத் தாத்தாவோ டவுனுக்குப் போய் அதே படத்தை இரண்டு தரம் பார்த்தவர்! கொட்டகையிலே சகுந்தலை காதலிக்கலாம், வீட்டிலே பாட்டி பாடக்கூடாது.

அந்தச் சகுந்தலைக்கு நடந்தது என்ன கல்யாணம்? காந்தர்வ விவாகம். புரோகிதர் உண்டா? ஓமம் உண்டா? வளர்த்த தகப்பனாரைத்தான் கேட்டார்களா? ஒன்றுமில்லை. ஆனாலும் வைதீகர்கள் அதைக் கல்யாணம் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். நம்மவர் ஊரறிய மாலை மாற்றிக்கொண்டதை மாத்திரம் 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு செல்லாது என்றது! 1967-ல் அண்ணா மந்திரிசபை சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அதற்கு விடிவு வந்தது.

இன்னொன்று கேளுங்கள். காதலில் உலகையே மறந்த அந்த இருவரில், பிறகு மெய்யாகவே மறந்தவன் யார்? அரசன். மறக்கப்பட்டவள் வயிற்றிலே பிள்ளையோடு நின்றாள். துர்வாசர் சாபம், மீன் விழுங்கிய மோதிரம் எல்லாம் காளிதாசன் நாடகத்துச் சரக்கு. மகாபாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அங்கே ராஜாவுக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் சபை நடுவே அவளைத் தெரியாதென்கிறான்! அசரீரி வந்து சாட்சி சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொள்கிறான். நம் ஊர்ப் பெண்ணுக்கு எந்த அசரீரி வரும்?

அதனால்தான் சாட்சி வேண்டுமென்கிறோம். 1967 சட்டப்படி உறவினர், நண்பர் எவர் முன்னிலையிலும் மாலையோ மோதிரமோ போதும். ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டுமென்பதில்லை என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. பெற்றவர்களுக்குப் பயந்து ஒளிந்து மணக்கிற பிள்ளைகளுக்கு அது உயிர்ப் பிச்சை. படத்துக் காதலுக்குக் கண்ணீர் விட்டவர்கள்தானே மகள் காதலுக்கு அரிவாள் தூக்குகிறார்கள்?

2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும். விண்ணப்பம் இங்கேயே இருக்கிறது. சம்பந்தியம்மாள்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட மேடைக்கு வாருங்கள். அந்தப் பாட்டை இன்னொரு தரம் போடச் சொல்லியிருக்கிறேன்.