கழற்றி மாட்டும் தொலைநோக்கி



வேட்டைத் துப்பாக்கியின் மேல் சிறு தொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அத்தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு பிணைக்கும் உறுப்பைத் தாங்கி என்று அழைப்போம். தாங்கிகள் இருவகைப்படும். ஒன்று, திருகாணிகளால் நிலையாக முடுக்கப்பட்டது. மற்றொன்று, வேண்டும்போது தொலைநோக்கியைக் கழற்றவும் மீண்டும் மாட்டவும் இடந்தருவது. இரண்டாம் வகைக்கு விலையும் மிகுதி; வேலைப்பாடும் மிகுதி. அவ்வளவு செலவுக்கும் உழைப்புக்கும் அது தகுதியுடையதுதானா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டையாடுவோர் நெடுங்காலமாக இக்கேள்வியை எழுப்பி வருகின்றனர். அதனை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. நானும் வேட்டையாடுபவன் அல்லேன், பௌதிகம் கற்பிப்பவன். அப்படியிருக்க, பிற நாட்டு வேட்டைக் கருவியைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். இச்சிறு கருவிக்குள் அழகியதொரு பௌதிகப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. அதன் விடையைப் பொறுத்தே ஓர் உயிர் நொடியில் மடிவதும், காயத்தோடு நாட்கணக்கில் துடிப்பதும் அமைகின்றன. பேசுவதற்கு இவ்விரு காரணங்கள் போதும் என எண்ணுகிறேன்.

முதலில் தொலைநோக்கியின் பயன் யாது என்று காண்போம். பழைய துப்பாக்கியில் குழலின் முனையில் ஒரு முன்குறியும், நமது கண்ணுக்கு அருகில் ஒரு பின்குறியும் இருக்கும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொணர வேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தொலைவில் உள்ள பொருளையே தெளிவாகக் காணும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இத்தொல்லை இன்னும் கூடுதல். பின்குறி வெறும் மங்கலாகத் தெரியும். தொலைநோக்கியிலோ இலக்கின் பிம்பமும் குறுக்கு இழைகளும் ஒரே தளத்தில் விழுகின்றன. எனவே கண் ஒன்றையே நோக்கினால் போதும். இலக்கு பெரிதாகத் தெரிவது இரண்டாவது நன்மைதான். முதல் நன்மை இதுவே.

மூன்றாவது நன்மை ஒளியைப் பற்றியது. முன்வில்லையின் விட்டம் 56 மில்லிமீட்டர், பெருக்கம் 8 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 56ஐ 8ஆல் வகுத்தால் 7. தொலைநோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 7 மில்லிமீட்டர் என்பது பொருள். இளைஞர் ஒருவரின் கண்மணி இருளில் விரியும் அளவும் ஏறக்குறைய அதுவே. ஆதலின் அந்தி மயங்கிய வேளையிலும் அத்தொலைநோக்கி கண்ணுக்குக் கொடுக்கக்கூடிய ஒளி முழுவதையும் கொடுத்துவிடுகிறது.

இத்தகைய சாதனம் ஒரே நாளில் தோன்றியதன்று. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆகஸ்ட் ஃபீட்லர் என்னும் வன அதிகாரி 1880இல் நடைமுறைக்கு ஏற்றதொரு துப்பாக்கித் தொலைநோக்கியை அமைத்தார். அமெரிக்காவில் வில்லியம் வீவர் 1930இல் வெளியிட்ட தொலைநோக்கி, சாதாரண மக்களும் வாங்கும் விலையில் இருந்தமையால் பரவலாயிற்று. எனினும் அக்காலத்துத் தொலைநோக்கிகளுக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. குளிரிலும் மழையிலும் உட்புறம் ஈரம் படிந்து, கண்ணாடி புகை மூடியதுபோல் ஆகிவிடும். இலக்கு எதிரே நிற்கையில் இப்படி நேர்ந்தால் வேட்டைக்காரர் என்ன செய்வார்? தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, அடியிலுள்ள பழைய இரும்புக் குறிகளை நம்புவார். கழற்றி மாட்டும் தாங்கியை மக்கள் விரும்பியதற்கு முதற்காரணம் இந்த அவநம்பிக்கையே எனலாம். நியூயார்க்கில் 1920களில் கிரிஃபின் அண்டு ஹவ் நிறுவனத்தார், துப்பாக்கியின் பக்கவாட்டில் பொருந்தும் நெம்புகோல் தாங்கியைச் செய்து புகழ் பெற்றனர். ஜெர்மனியில் சூல் என்னும் துப்பாக்கித் தொழில் நகரத்தின் பெயரால் வழங்கும் கொக்கித் தாங்கி இன்னும் நுட்பமானது. தொலைநோக்கியின் முன்காலிலுள்ள கொக்கிகளைத் துப்பாக்கியின் துளைகளில் நுழைத்துப் பின்காலைக் கீழே அழுத்தினால், வில் பூட்டு ஒன்று அதனைப் பற்றிக்கொள்ளும். கைத்தொழிலாளர் விளக்குக் கரியைப் பூசிப் பொருத்திப் பார்த்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் தேய்த்து, மீண்டும் பொருத்திப் பார்த்து அதனைச் செய்வர். ஒரு துப்பாக்கிக்கென்று இவ்வாறு இழைத்த தாங்கி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஏன் இவ்வளவு நுட்பம்? இங்கேதான் நம் பௌதிகம் நுழைகிறது. தாங்கியின் இரு கால்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தொலைவு உள்ளது என்க. கழற்றி மாட்டும்போது ஒரு கால் முன்பிருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு விலகி அமர்ந்துவிட்டது. அது பருத்த தலைமயிர் ஒன்றின் கனம். 100 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் என்றால் ஆயிரத்துக்கு ஒன்று. 100 மீட்டர் தொலைவில் அது 10 சென்டிமீட்டர் பிழையாகும். 200 மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆகும். நடுத்தர மான் ஒன்றின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 15 அல்லது 20 சென்டிமீட்டர் அகலமே இருக்கும். அதன் நடுவே குறிபார்த்துச் சுட்ட தோட்டா, ஒரு மயிரிழைப் பிழையால் வயிற்றிலோ காலிலோ பாயும். அவ்விலங்கு உடனே விழாது. புதருக்குள் ஓடி மறைந்து, யாரும் காணாத இடத்தில் மெல்ல மெல்லச் சாகும். ஜெர்மனியில் வேட்டை உரிமம் பெற விரும்புவோர் தேர்வில் தேற வேண்டும். காயமுற்ற விலங்கைத் தாமதமின்றி அதன் துன்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்நாட்டார் தாங்கியைப் பற்றி இத்துணைக் கவலைப்படுவதில் வியப்பில்லை.

இனி, பொருள் ஒன்று எத்தனை வகையாக அசைய முடியும் என எண்ணிப் பாருங்கள். முன்பின், இடம்வலம், மேல்கீழ் என மூன்று நகர்வுகள், இவ்வச்சுகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுழற்சியாக மூன்று சுழற்சிகள், ஆக ஆறு. இவ்வாறு அசைவுகளையும் தடுத்தாலன்றிப் பொருள் பழைய இடத்தில் அமராது. கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்கும் முறை ஒன்றை ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களுக்குச் செய்து காட்டுவதுண்டு. உருண்டை முனையுடைய மூன்று கால்கள் கொண்ட கருவியை எடுத்துக்கொள்வோம். முதற்காலை முப்பட்டைக் குழியிலும், இரண்டாவதை நீண்ட பள்ளத்திலும், மூன்றாவதைச் சமதளத்திலும் வைப்போம். குழியில் மூன்று தொடுபுள்ளிகள், பள்ளத்தில் இரண்டு, தளத்தில் ஒன்று, கூட்டினால் ஆறு. ஆறு அசைவுகளுக்கு ஆறு தடைகள். எத்தனை முறை எடுத்து வைத்தாலும் கருவி அதே இடத்தில் வந்து அமரும். தடைகள் குறைந்தால் கருவி ஆடும்; மிகுந்தால் ஒன்றோடொன்று பொருது, ஒருமுறை இங்கும் மறுமுறை அங்குமாக அமரும்.

நல்ல தாங்கியின் இரகசியமும் இதுவே. அது துப்பாக்கியை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது பாதிக் கேள்விதான். ஒவ்வொரு முறையும் அதே முகத்தோடு அதே முகத்தை அழுத்துகிறதா என்பதே மறுபாதி. துப்பாக்கி வெடிக்கும்போது எழும் அதிர்ச்சியையும் இதனோடு சேர்த்துக் கொள்ளுங்கள். ஆற்றல் மிக்க துப்பாக்கி ஒன்று நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கிறது என்று கணக்கிடுவோம். அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள தொலைநோக்கி அக்கணத்தில் நூறு கிலோ பளுவைப்போல் தாங்கியை முன்னோக்கி இழுக்கும். தொலைநோக்கியை மாட்டும்போதே முன்புறமாகத் தள்ளிப் பிடித்து நெம்புகோலை முடுக்க வேண்டும் என அனுபவசாலிகள் கூறுவதன் காரணம் இதுதான். வெடியின்போது நகர இருக்கும் திசையில் முன்னரே நகர்த்திவிட்டால், பிறகு நகர்வதற்கு இடமிராது. தாங்கிக்கு அடியில் ஒரு மணல் துகள் புகுந்தாலும் இக்கணக்கெல்லாம் பாழ் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நல்ல தாங்கி அதே இடத்தில் அமர்கிறது என்றே கொள்வோம். அப்போதும் அதனைக் கழற்ற வேண்டிய தேவை உண்டா? இதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பரந்த புல்வெளிகளிலும் மலைச் சரிவுகளிலும் மான் வேட்டையாடுவோரை முதலில் எடுத்துக்கொள்வோம். இவர்கள் சுடும் தொலைவு பெரும்பாலும் நீண்டது; தொலைநோக்கியின்றி இவர்களுக்கு வேலையே இல்லை. ஆரெகன் மாநிலத்து லூப்போல்டு நிறுவனம் 1947இல் குழாயினுள் நைட்ரஜன் வாயுவை நிரப்பி மூடிய தொலைநோக்கியைக் கொணர்ந்தது. அதன்பின் அவ்வழக்கம் எங்கும் பரவி, கண்ணாடி மங்கும் தொல்லை பெரும்பாலும் நீங்கியது. அதனோடு கழற்றி மாட்டும் தாங்கியின் பழைய காரணமும் வலுவிழந்தது. மேலும், இக்காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பல இரும்புக் குறிகளே இல்லாமல் விற்பனைக்கு வருகின்றன. தொலைநோக்கியைக் கழற்றினால் குறிபார்க்க ஒன்றுமே இராது. படகில் துடுப்பு இல்லாதபோது பாயை இறக்குவது அறிவுடைமையாகுமா? இவர்களுக்கு நிலையான தாங்கியே நல்லது. உறுப்புகள் குறைவு, பிழைக்கு இடமும் குறைவு.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நிலைமை வேறு. அங்கு அந்தியிலும் விடியலிலும் பரண் மேல் அமர்ந்து காத்திருப்பது ஒருவகை வேட்டை. அதற்கு 56 மில்லிமீட்டர் வில்லையுடைய பெரிய தொலைநோக்கி வேண்டும். குளிர்காலத்தில் காட்டுப்பன்றிகளை விரட்டிவிட்டு, அவை ஓடுகையில் அண்மையில் நின்று சுடுவது மற்றொரு வகை. அதற்குப் பெருக்கம் மிகக் குறைந்த, அகன்ற காட்சி தரும் தொலைநோக்கி வேண்டும். எட்டு மடங்குப் பெருக்கத்தில் ஓடும் பன்றியைத் தேடினால் உரோமம்தான் தெரியும், பன்றி தெரியாது. ஒரே துப்பாக்கியில் இரண்டு தொலைநோக்கிகளை மாற்றி மாற்றிப் பொருத்துவோருக்குக் கழற்றும் தாங்கி ஆடம்பரமன்று, இன்றியமையாதது. ஒரு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருக்கத்தை மாற்றவல்ல தொலைநோக்கிகள் இன்று கிடைப்பதால் இத்தேவையும் ஓரளவு குறைந்திருக்கிறது என்பதையும் கூறிவிட வேண்டும். எனினும் இருட்டு வேளையில் பெரிய வில்லைக்கு ஈடு இல்லை.

மூன்றாவது, ஆப்பிரிக்கா. வேட்டை அனுமதிக்கப்பட்ட தான்சானியா போன்ற நாடுகளில் காட்டெருமை போன்ற பெருவிலங்குகளையும் சுடுகின்றனர். காயமுற்ற காட்டெருமை அடர்ந்த புதருக்குள் புகுந்துவிட்டால், அதனைத் தேடிச் சென்று முடிப்பது வேட்டைக்காரரின் கடமை. எருமை பத்து மீட்டரிலிருந்து பாய்ந்து வரக்கூடும். அப்போது தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்த நேரம் இராது. அகன்ற பின்குறியும் பருத்த முன்குறியுமே உயிரைக் காக்கும். இங்கே இரண்டு நொடியில் கழலும் தாங்கி தன் விலையை ஒரே நாளில் ஈட்டிவிடும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், கழற்றி மாட்டும் தாங்கியை வாங்க நினைப்பவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என எனக்குத் தோன்றுகிறது. கழற்ற வேண்டிய உண்மையான சந்தர்ப்பம் எனக்கு நேருமா? கழற்றியபின் குறிபார்க்க வேறொன்று இருக்கிறதா? மீண்டும் மாட்டினால் அதே இடத்தில் அமர்கிறதா? முதல் இரண்டுக்கும் சிந்தித்து விடை காணலாம். மூன்றாவதற்குச் சிந்தனை போதாது, சோதனை வேண்டும். குறிபார்க்கும் திடலில் தாளை நட்டு, சில தோட்டாக்கள் சுட்டு, தொலைநோக்கியைக் கழற்றி மாட்டி மீண்டும் சுட வேண்டும். ஒருமுறை அன்று, பத்து முறை. துளைகள் ஒரே கூட்டமாக விழுந்தால் அத்தாங்கி தகுதியுடையது. இரண்டு கூட்டங்களாகப் பிரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் அது தகுதியற்றது. மூன்று கேள்விகளில் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்ற விடை வந்தால், நான்கு திருகாணிகள் கொண்ட நிலையான தாங்கியே சாலச் சிறந்தது என்பது என் முடிவு.

நீங்கள் துப்பாக்கியைத் தொடாமலேயே வாழ்நாளைக் கழிக்கலாம். அதுவே என் விருப்பமும்கூட. ஆனால் நாளை உங்களில் ஒருவர் கண்ணாடிகளும் வில்லைகளும் கொண்ட ஆய்வுக் கருவியை அமைக்கலாம். மற்றொருவர் அறுவை மருத்துவருக்கான சாதனத்தை வடிக்கலாம். எடுத்து வைக்கும் உறுப்பு எதுவாயினும், அது அதே இடத்திற்குத் திரும்புகிறதா என்ற கேள்வி உங்களுக்கும் எழும். செய்தவர் சொல்லை நம்பி அதற்கு விடை கூறாதீர்கள். பத்து முறை எடுத்து, பத்து முறை வைத்து, அளந்து பார்த்தபின் கூறுங்கள்.