கூதிர்காலமும் எங்கள் வீட்டுத் திண்ணை விளக்கும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதிக் காலம் தள்ளும் எழுத்தன். "உங்கள் ஊர்ப் பண்டிகைகளைப் பற்றிச் சில சொற்கள் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். ஊர்ப்பேச்சு என்றதும் மறுக்க மனம் வரவில்லை.

என் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ளது. வேலந்தாவளத்தைக் கடந்தால் கோவை மாவட்டம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது எங்கள் பகுதி அதனுள் சேர்ந்தது. அதுவும் ஓர் ஐப்பசித் திங்களே! அரசு ஏடுகளில் மொழி மாறிற்று. எங்கள் அடுப்பங்கரையில் மாறவில்லை. அண்டை வீட்டு மலையாள அன்பர்கள் துலாம் என்பதை நாங்கள் ஐப்பசி என்போம். அவர்கள் விருச்சிகம் என்பதை நாங்கள் கார்த்திகை என்போம். பெயர் இரண்டு, மழை ஒன்றுதான்.

மேனாட்டார் இப்பருவத்தை இலையுதிர் காலம் என்கின்றனர். நம் நாட்டில் இப்போது இலை உதிர்வதில்லை; துளிர்க்கிறது. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று வகுத்தனர். குளிர்ந்த வாடை வீசும் காலம். பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறம் வறண்ட நிலம். ஆனி, ஆடியில் மேற்கே கொட்டும் மழை எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் தூறலாக மெலிந்துவிடும். ஆகவே, கீழ்க்காற்று கொணரும் ஐப்பசி மழையை எண்ணியே எங்கள் கிணறுகள் காத்திருக்கும். கிணற்றில் நீர் ஊறினால்தான் வீட்டில் பண்டிகை களை கட்டும்.

புரட்டாசியில் ஆயுத பூசை வரும். ஏர், கொழு, மண்வெட்டி, அரிவாள் அனைத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக வைப்பார் என் தந்தையார். எங்கள் பள்ளிப் புத்தகங்களும் அவ்வரிசையில் இடம்பெறும். "கொழுவும் புத்தகமும் ஒரே சாதி, இரண்டும் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும்" என்பார் அவர். இன்று அலுவலகத்தில் எடைப்பொறிக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் அவர் குரல் என் காதில் ஒலிக்கிறது.

பின்னர் தீபாவளி. விடியுமுன் எழுப்பி, காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்து, சீயக்காய் தேய்த்து வெந்நீர் வார்ப்பார் அன்னையார். கண்ணெரிச்சல் தீருமுன் கையில் ஒரு நெல்லிக்காய் அளவு தீபாவளி மருந்து! அதை விழுங்கினால்தான் பலகாரம்.

ஆயினும் எங்கள் வீட்டின் தனிப்பெரும் பண்டிகை திருக்கார்த்திகையே. எங்கள் நாட்டில் பனைக்குக் குறைவில்லை. பனையின் ஆண் பூந்தண்டுகளைக் குழியிலிட்டுக் கொளுத்தி, மண் மூடி மூட்டம் போட்டுக் கரியாக்குவோம். அக்கரியை இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் இறுகச் சுற்றி, பனைமட்டைக் கீற்றுகளுக்கிடையே வைத்துக் கட்டி, கயிறு பிணைத்து, நெருப்புக் கங்கு இட்டுச் சுழற்றினால், பொன்மழைபோல் பொறி சிதறும். அதுவே மாவலி. கோயில் முன் பனையோலை வேய்ந்த சொக்கப்பனை எரியும். வீட்டில் பொரியும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிடித்த உருண்டை. கூதிர்காலத்து மாலையில் மகளிர் விளக்கேற்றிக் கைதொழுவதை நெடுநல்வாடை சொல்கிறது. கார்த்திகை விளக்கீட்டை அகநானூறு சொல்கிறது. நேற்று முளைத்த வழக்கமன்று இது.

என் சிறுவன், "அப்பா, சித்தப்பாவிடம் சொல்லி மாவலியைப் பார்சலில் வரவழைக்கலாமே" என்றான். பட்டாசு போன்ற தீப்பற்றும் பொருள்களைப் புகைவண்டியில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பிறர் மூட்டையைத் தட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் எழுத்தன், தீப்பொறிக்கென்றே செய்த பண்டத்தைத் தன் வீட்டுக்கு எப்படி வரவழைப்பான்?

அன்பர்களே, இனி நான் சொல்வது சிறிது வெட்கத்துக்குரியது. என் அன்னையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் சென்ற மக்கள், பேரர் ஒவ்வொருவர்க்கும் கார்த்திகையன்று திண்ணையில் ஓர் அகல் தனியே ஏற்றி வைப்பார். சென்ற ஆண்டு தொலைபேசியில் என் மகன், "அப்பத்தா, என் விளக்கு எது?" என்று கேட்டான். "காத்துக்கு அசையாம நிக்குது பாரு கண்ணு, அதுதான் உன்ற விளக்கு" என்றார் அவர். பேசி முடித்த பின் அவன் என்னிடம், "நான் அதை ஒருநாளும் பார்த்ததே இல்லையே" என்றான்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். கணக்கு என் தொழிலாயிற்றே! இவ்வூருக்கு மாற்றலாகிப் பதினெட்டு ஆண்டுகள். தீபாவளிக்குச் சிலமுறை ஊர் சென்றேன். கார்த்திகைக்கு ஒருமுறையும் செல்லவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லி வந்தேன். உண்மையில் நான் விண்ணப்பமே எழுதவில்லை. அன்று பணிக்கு வந்தால் கூடுதல் ஊதியம் கிடைத்த ஆண்டுகளும் உண்டு. அன்னையாருக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. கண் மங்கி வருகிறது. திரியை விரலால் தடவித்தான் ஏற்றுகிறாராம். நான் ஈட்டிய கூடுதல் ஊதியம் அந்த ஒரு திரிக்கு ஈடாகுமா?

இவ்வாண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகனும் மகளும் தங்கள் அகலைத் தாங்களே ஏற்றுவர். பனங்கரி மூட்டம் போடும் முறையைத் தம்பியிடம் கற்று வருமாறும் மகனிடம் கூறியிருக்கிறேன். கற்றதை எந்தச் சட்டமும் தடுக்காது. அதைத் தாராளமாக வண்டியில் கொண்டுவரலாம்!

இச்சபைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஊருக்குச் செல்ல முடிந்தவர்கள், பெற்றோர் கண்ணொளி இருக்கும்போதே ஒரு பண்டிகைக்கேனும் செல்லுங்கள். செல்ல இயலாதவர்கள், கார்த்திகையன்று நம் காலனிப் படிகளில் வீட்டுக்கோர் அகல் ஏற்றுங்கள். அது யாருக்கான விளக்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொரி உருண்டைக்கு என் மனைவியார் பொறுப்பேற்பதாக வாக்களித்திருக்கிறார்.