தொழிற்கல்விக்குப் பெயர் பதியுங்கள்



சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை அண்டிய சிறு நகரங்களிலும் பல வீடுகளில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. "இவனுக்குப் படிப்பு வராது, கடையில் நிற்கட்டும்" என்கிறார் வாப்பா. "பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்கின்றனர் உறவினர். ஒரு பிள்ளையின் ஆயுளை ஒரு தாளைக் கொண்டு தீர்ப்பது நீதியாகுமா?

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஆகவே, நம் பிரதேசத்துப் பிள்ளைகள் அறிவிற் குறைந்தவர்களல்லர். வாய்ப்புப் பிந்திக் கிடைத்தவர்கள்.

இன்று அவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. தேசிய தொழிற்தகைமை என்னும் ஏற்பாட்டில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டம். அப்பட்டத்திற்கென 2008 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. மின்னிணைப்போ தையலோ பழகத் தொடங்கும் பிள்ளை, படிப்படியாகப் பட்டம்வரை ஏறலாம். இரத்தினபுரியில் ஆண்டுக்கணக்காக மாணிக்கக்கல் பட்டை தீட்டும் வாலிபரும், தம் கைத்திறனை மதிப்பீட்டாளர் முன் காட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு.

அவ்வாறாயின் தடை எங்கே? பெரும்பாலும் பெயர் பதியும் மேசையிலேயே! பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொரு பெயர். 'முஹம்மது' என்பது ஓரிடத்தில் 'மொஹமட்' ஆகிவிடுகிறது. அடையாள அட்டையோ இன்னும் எடுக்கப்படவில்லை. இவற்றைத் திருத்தி முடிப்பதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடுகிறது.

பெற்றோர்களே! பெறுபேறு வரும்வரை காத்திராதீர்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பாடசாலை அதிபரோ, கிராம உத்தியோகத்தரோ, தோட்டத்தில் வசிப்போர்க்குத் தோட்ட அத்தியட்சகரோ அவ்விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவார். பிறப்புப் பதிவில் பிழையிருப்பின் உடனே பிரதேச செயலகத்தை நாடுங்கள். பணம் கட்டுமுன், அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, பாடம் எம்மொழியில் நடைபெறும் என்பவற்றைக் கேட்டறியுங்கள். சிங்களத்தில் மட்டுமே நடைபெறுமாயின் அஞ்சி விலகவேண்டாம். அம்மொழியையும் சேர்த்துக் கற்பது இம்மாகாணத்தில் பெரும் பயனாகும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பத்ர் யுத்தக் கைதிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாச் சிறுவர்க்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றனர் என்று வரலாறு கூறுகிறது. கல்விக்கு அத்தகைய மதிப்பளித்த உம்மத் நாம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், படித்த வாலிபர் இருவர் மேசையிட்டு அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். லயத்திலிருந்து வரும் அயலவரின் பிள்ளை எச்சமயத்தவராயினும் அம்மேசையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பலாகாது.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.