சூரியத் தகடுகளை இணைக்கும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



மின்கம்பி எட்டாத மலைக் குடியிருப்பு ஒன்றில், படிப்பகத்துக்காகச் சூரியத் தகடுகள் அமைத்தோம். மாலை ஆறு மணிக்கு ஏற்றிய விளக்கு எட்டு மணிக்கே மங்கியது. பாட்டரி பழுதென்று எண்ணிப் புதியது வாங்கினோம், அப்போதும் மங்கியது. குறை பாட்டரியில் இல்லை, தகடுகளை இணைத்த முறையில் இருந்தது என்பதைப் பிறகே உணர்ந்தோம். பொதுப் பணம் வீணாயிற்று. அந்த நஷ்டம் உங்கள் ஊருக்கும் நேராதிருக்கவே இதைச் சொல்ல வந்தோம்.

ஒரு தகட்டின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்ப்பது தொடர் இணைப்பு. நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. ஓர் ஏற்றம் இறைத்த நீரை மற்றோர் ஏற்றம் மேலே தூக்கினால் உயரம் கூடும். இரண்டும் அருகருகே இறைத்தால் நீர் கூடும். உயரம் வோல்ட் போன்றது. நீரின் பெருக்கு ஆம்பியர் போன்றது.

100 வாட் தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். இரண்டைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 5.5 ஆம்பியர், பக்கமாக இணைத்தால் 18 வோல்ட், 11 ஆம்பியர். இரண்டிலும் மொத்த வாட் ஒன்றே. ஆயினும் சாதாரணக் கன்ட்ரோலர் மிகுதியான வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தராது. நாம் 12 வோல்ட் பாட்டரிக்குத் தொடராக இணைத்திருந்தோம், 5.5 ஆம்பியரே ஏறிற்று. பாதி வெயில் பாழாயிற்று. பக்கமாக மாற்றிய பின் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை படிக்கின்றனர்.

இதனால் தொடர் இணைப்பு தீதென்று கருத வேண்டா. தகடுகள் தொலைவில் இருப்பின் அதுவே நன்று. ஆம்பியர் பாதியானால் அதே கம்பியில் இழப்பு கால் பங்காகும். ஆனால் 12 வோல்ட் பாட்டரிக்கு அப்போது எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் வேண்டும். மின்சாரம் எடுக்காத வேளையில் இத்தகைய தகடு ஒவ்வொன்றும் சுமார் 22 வோல்ட் காட்டும். குளிர்ந்த காலையில் இன்னும் கூடும். அவற்றின் கூட்டுத்தொகை கன்ட்ரோலரின் உச்ச அளவைத் தாண்டலாகாது. மேலும், ஒரு தகட்டின்மேல் மர நிழல் விழுந்தால் தொடரிலுள்ள மற்றவற்றின் பயனும் குன்றக்கூடும். பக்க இணைப்பில் பெரும்பாலும் அத்தகட்டின் பயனே குறையும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பாட்டரி எத்தனை வோல்ட்? கன்ட்ரோலர் எவ்வகை, அதன் உச்ச அளவு என்ன? பிற்பகல் நிழல் எங்கே விழுகிறது? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதன் பிறகே பாட்டரியைப் பற்றி யோசியுங்கள்.