ஜமுக்காளம் துவைக்கிற கூலியை எந்த நோட்டில் எழுதுவது?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கூட்டத்தில், ஜவ்வாது மலைக் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜமுக்காளம், தரைவிரிப்பு இதையெல்லாம் மிஷின் வைத்துச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மிஷினைச் சொந்தமாக வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று பல குழுக்களில் பேச்சு நடக்கிறது. நாங்கள் அதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

எங்கள் குழு சேமிப்பிலிருந்து பாத்திரமும் ஜமுக்காளமும் வாங்கி விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். முன்பெல்லாம் ஒரு காதுகுத்து, கல்யாணம் என்றால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ போய் எடுத்து வரணும். வண்டிக் கூலி வேறு. இப்போது அந்தப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. எங்களிடம் 30 ஜமுக்காளம் இருக்கிறது. ஒரு விசேஷத்துக்கு 10 எடுப்பார்கள். ஒன்றுக்கு 40 ரூபாய் என்று 400 ரூபாய் வாடகை வரும். அதில் சோப்புக்கு 50 ரூபாய் போக 350 ரூபாய் லாபம் என்று வரவு செலவு நோட்டில் எழுதி, மாதா மாதம் கூட்டத்தில் படித்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேர் ஏன் வரவில்லை?

ஒரு சமயம் எங்கள் உறுப்பினர்கள் இரண்டு பேர் தொடர்ந்து கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார்கள். மூன்றாவது மாதம் நாங்களே வீட்டுக்குப் போய்க் கேட்டோம். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "லாபம் லாபம்னு படிக்கிறீங்களே அக்கா, துவைச்சது யாருன்னு ஒரு நாளாவது படிச்சீங்களா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் இருவர் வீடும் ஓடைப் பக்கம். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் ஜமுக்காளக் கட்டை அவர்கள் வீட்டில் இறக்கிவிடுவோம். முறை வைத்துத் துவைப்பது என்றுதான் தீர்மானம் போட்டிருந்தோம். ஆனால் முறை வரும்போது ஒருவருக்குச் சாமை அறுவடை, ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசியில் துவைத்தது அந்த இரண்டு பேர்தான்.

பருத்தி நூல் ஜமுக்காளம் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தியால் தூக்க முடியாது. ஓடைக்குச் சுமந்து, பாறையில் விரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்து, வேலியில் போட வேண்டும். பத்து ஜமுக்காளத்துக்கு இரண்டு பேருக்கு ஒரு முழு நாள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொருவருக்கு ஜமுக்காளத்தை உதறினாலே இளைப்பு வந்துவிடும்.

அன்று இரவே நோட்டை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டோம். கூலி ஒருவருக்கு 300 ரூபாய் என்று வைத்தால்கூட இருவருக்கு 600. சோப்பு 50. ஆக 650 ரூபாய் செலவு. வரவு 400. லாபம் 350 என்று எழுதிய இடத்தில் நிஜமாக இருந்தது 250 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை இரண்டு ஏழைப் பெண்கள் தங்கள் உடம்பால் கட்டியிருக்கிறார்கள். அதை நாம் லாபம் என்று பங்கு பிரித்திருக்கிறோம்.

அவசரத்தில் செய்த தப்பு

இதைச் சரி செய்யணும் என்ற அவசரத்தில் ஒரு தப்பு செய்தோம். கீழே டவுனில் ஒரு கடைக்குப் போய், தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி வந்துவிட்டோம். என்ன வகை என்று கேட்கவில்லை. காய்ந்த தூசியை நன்றாக உறிஞ்சியது. ஆனால் கல்யாண ஜமுக்காளத்தில் தூசி மட்டுமா இருக்கும்? சாம்பார், பாயசம், வெற்றிலைக் கறை எல்லாம் இருக்கும். தண்ணீர் போட்டுத் தேய்த்துவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே மிஷினைப் போட்டோம். தண்ணீர் மோட்டாருக்குள் போய்ப் புகை வந்தது. அதோடு சரி. தப்பு எங்களுடையதுதான். அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

இந்த மிஷின்களில் முக்கியமாக மூன்று வகை.

ஒன்று, காய்ந்த தூசியை மட்டும் உறிஞ்சுவது. இதற்குள் துணிப் பையோ வடிகட்டியோ இருக்கும். ஈரத்தில் போடவே கூடாது.

இரண்டு, ஈரம், காய்ந்தது இரண்டையும் உறிஞ்சுவது. இதில் அழுக்குத் தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், மோட்டார் தனியாக மேலே இருக்கும். சிமெண்ட் தரையில் ஜமுக்காளத்தை விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு, கடைசியில் இந்த மிஷினால் தண்ணீரை இழுத்துவிடலாம். முறுக்கிப் பிழிகிற வேலை இல்லை. பாதி ஈரம் அங்கேயே போய்விடுவதால் தூக்கவும் சுலபம், சீக்கிரம் காயும்.

மூன்று, தானே சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, தானே திரும்ப உறிஞ்சிக்கொள்வது. லாட்ஜ் அறைகளில் தரையோடு கிடக்கிற, முடி வைத்த கார்ப்பெட்டுக்கு இதுதான் சரி. அதை ஓடைக்குத் தூக்கிப்போக முடியாது. விலையும் கூட, வாடகையும் கூட.

நம் ஜமுக்காளம் முடி இல்லாத தட்டை நெசவு. அதற்கு இரண்டாவது வகை போதும்.

வாடகையா, சொந்தமா?

ஒரு பழைய கதை சொல்கிறோம். மோட்டார் வைத்துத் தூசி உறிஞ்சும் மிஷினை இங்கிலாந்தில் 1901-ல் ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர் செய்தார். அது இன்றைக்கு இருப்பதுபோல் கையில் பிடிக்கிற மிஷின் இல்லை. குதிரை இழுத்து வருகிற வண்டி அளவு பெரியது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சன்னல் வழியாக நீளக் குழாயை உள்ளே விட்டுக் கம்பளத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் கூலி கொடுத்துத்தான் வரவழைத்தார்கள். 1907-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்பாங்க்ளர் என்பவர் கையில் தள்ளுகிற சின்ன மிஷினைச் செய்தார். அவர் ஒரு கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தவர், இளைப்பு நோய்க்காரர். பெருக்கும்போது கிளம்பும் தூசி தாங்காமல்தான் அதைச் செய்தார். அதன் பிறகுதான் வீட்டுக்கு வீடு சொந்த மிஷின் வந்தது.

இதில் இருந்து நாங்கள் புரிந்துகொண்டது இது: பெரிய மிஷினைப் பலர் சேர்ந்து பயன்படுத்துவது புதிதில்லை. இளைப்பும் அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை. விரிப்பின் தூசியில், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் இருக்கின்றன. அவற்றின் கழிவு மூச்சில் போனால் பலருக்குத் தும்மலும் இளைப்பும் வரும். அதனால் இளைப்பு இருப்பவரை உதறுகிற வேலைக்கு அனுப்பக் கூடாது. மற்றவர்களும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளணும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்குக்காக, இரண்டாவது வகை மிஷின் விலை 20,000 ரூபாய், 5 வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குத் தேய்மானம் 4,000. ரிப்பேருக்கு 1,000. உள்கடனில் வாங்கினால் 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி, முதல் வருஷம் 2,400. ஆக மொத்தம் 7,400 ரூபாய். ஒரு நாள்கூட ஓட்டாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது.

கீழே இருந்து வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளைக்கு 700, மலையேற்றி இறக்க வண்டிக்கு 500. மொத்தம் 1,200 ரூபாய். எங்கள் குழுவுக்கு வருஷத்துக்கு 12 விசேஷம் என்றால், மூன்று விசேஷத்துக்கு ஒரு தடவை 30 ஜமுக்காளத்தையும் சேர்த்துத் துவைத்தால் 4 நாள் போதும். வாடகை 4,800 ரூபாய்தான் ஆகும். அப்படியானால் ஒரு குழு தனியாக மிஷின் வாங்குவது நஷ்டம்.

ஆனால் ஐந்து குழு சேர்ந்தால்? 20 நாள். வெளியில் வாடகைக்கு எடுத்தால் 24,000 ரூபாய் மலையை விட்டு இறங்கிப் போகும். கூட்டமைப்பே வாங்கினால் அதே 7,400 ரூபாய். கூட்டமைப்பு ஒரு நாளைக்கு 400 ரூபாய் வாடகை வைத்தால் 8,000 வரும். கடனும் அடையும், கொஞ்சம் மிச்சமும் ஆகும். அதாவது கூட்டமைப்பு வாங்கட்டும், குழுக்கள் வாடகைக்கு எடுக்கட்டும். உங்கள் ஊர் விலையை விசாரித்து, இதே மாதிரி உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள். தொகை மாறலாம், முறை மாறாது.

அந்த ஒரு நாள் செலவு: மிஷின் 400, இரண்டு பேர் கூலி 600, சோப்பும் கரண்டும் 100. ஆக 1,100. முப்பதால் வகுத்தால் ஒரு ஜமுக்காளத்துக்குச் சுமார் 37 ரூபாய். கையால் துவைத்தபோது 65 ரூபாய். 40 ரூபாய் வாடகையை 60 ஆக்கினால் கூலி கொடுத்த பிறகும் 23 ரூபாய் நிற்கும். அதுதான் நியாயமான லாபம்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

ஜமுக்காளத்தைப் பத்துப் பத்தாக மூன்று கட்டாகப் பிரித்து, ஒன்று போனால் அடுத்தது என்று மாற்றி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் விரித்துப் பார்த்து, சாப்பாட்டுக் கறையை மட்டும் அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்துபோனால் கறை போகாது.

புதிய ஜமுக்காளமானால் வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத் துவைக்கணும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமுக்காளம் கைத்தறியில் நெய்தது. ஒரு நெசவாளர் குடும்பத்தின் உழைப்பு அது. பத்திரமாக வைத்தால் பல வருஷம் உழைக்கும்.

அரைகுறையாகக் காய்ந்ததை மடிக்காதீர்கள். மார்கழிப் பனியில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் பின்பக்கம் மேலே தெரியப் போட்டால் நிறம் மங்காது.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மூன்று முள் பிளக்கும் எர்த்தும் இல்லாத இடத்தில் மிஷினை ஓட்டாதீர்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கணும். 1,400 வாட் மிஷின் 5 மணி நேரம் ஓடினால் 7 யூனிட். வோல்டேஜ் குறைந்து பல்பு மங்கினால் மிஷினை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவிக் காய வையுங்கள். அழுக்குத் தண்ணீரை ஓடையிலும் கிணற்றுப் பக்கத்திலும் கொட்டாதீர்கள். நம் மலை ஓடைதான் கீழே உள்ளவர்களுக்கு ஆறாகப் போகிறது.

எங்கள் வேண்டுகோள்

இப்போது எங்கள் குழுவில் துவைக்கிற கூலிக்கு நோட்டில் தனிப் பத்தி இருக்கிறது. யார் துவைத்தாலும் அன்றைக்கே கூலி, கையெழுத்து. மிஷின் இல்லாமலே இதைத்தான் முதலில் செய்தோம். போன சீசனில் பக்கத்துக் குழுக்கள் இரண்டோடு சேர்ந்து ஒரு நாள் மிஷினை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தது. அந்த இரண்டு சகோதரிகளும் கூட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பழைய கூலியைத் தவணையாகக் கொடுக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர்தான் இப்போது மிஷின் ஓட்டப் பழகியிருக்கிறார்.

ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கும், பீமன் அருவிக்கும், காவலூர் வான் ஆய்வகத்துக்கும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தங்கும் அறைகளில் கார்ப்பெட் இருக்கிறது. நாளைக்கு அந்த வேலையையும் நாம் கேட்டு வாங்கலாம். ஆனால் முதலில் நம் வீட்டுக் கணக்கு நேராகணும்.

நம் தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-ல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அன்று முதல் நாம் கற்றுக்கொண்ட முதல் பாடம், எதையும் எழுதி வைப்பது. ஐந்து ரூபாய் அபராதத்தைக்கூட எழுதுகிற நாம், இரண்டு பெண்களின் ஒரு நாள் உழைப்பை எழுத மறந்துவிட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் மூன்று விவரம் எழுதிக் கொண்டுவாருங்கள்: உங்களிடம் எத்தனை ஜமுக்காளம், வருஷத்துக்கு எத்தனை விசேஷம், இதுவரை துவைத்தது யார். முதல் இரண்டும் தெரிந்தால் மிஷின் வாங்குவதா வேண்டாமா என்று கூட்டமைப்பு முடிவெடுக்கும். மூன்றாவதை உங்கள் குழுவே உட்கார்ந்து பேசி முடியுங்கள்.