மாத்திரை போட்டாச்சு, சாப்பிட்டாச்சா?

பிரதோஷத்தன்று மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று மாலை வரை பட்டினி கிடக்கும் பெரியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நந்திக்கு அபிஷேகம் நடக்கும் நேரத்தில் கை நடுங்கும், சில்லென்று வியர்க்கும், பக்கத்தில் நிற்பவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூட்ட நெரிசல் என்று நினைத்துக்கொள்வார்கள். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

இன்சுலினுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளுக்கும் விரதம் தெரியாது. சாப்பாடு வராவிட்டாலும் தம் வேலையைச் செய்யும். விரதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளலாமே!

சர்க்கரை தாழ்ந்துவிட்டால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். குளுக்கோஸுக்குப் பதில் மைசூர்பா ஆகாதா என்பார்கள். அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-லேயே சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார் டாக்டர் எம். விசுவநாதன். இத்தனை காலமாகியும் வீடுகளில் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் பேச்சு. இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றே ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வாங்கிப் பையில் வையுங்கள். அது எதற்கென்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.